ஒன்பதாம் பக்கம்

கையேட்டின் ஒன்பதாம் பக்கம், அடிக்குறிப்பு.
அங்கேதான் அச்சிட்டிருந்தோம் கடவுச்சொல்லை:
ஒன்று இரண்டு மூன்று நான்கு.
ஓவுலு நகரத்து அடுக்குமாடிகளில்
வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் எங்கள் பெட்டிகள்
ஆறாயிரத்துச் சொச்சம்.
அத்தனைக்கும் அதே நான்கு எண்கள்.
ஊரறிந்த ரகசியம் என்பார்களே,
அதற்கு நாங்கள் உத்தரவாத அட்டையும் கொடுத்தோம்.

"வாங்குகிறவர்கள் மாற்றிக்கொள்வார்கள்" என்றார் ரைனெ.
மாற்றியவர்களை எண்ணிப் பார்த்தேன்.
பதினேழு பேர்.
அதில் ஒருவர் மாற்றியிருந்தது
நான்கு மூன்று இரண்டு ஒன்று.
அது என் கண்ணில் பட்டதே
இன்னொரு ஓட்டை.

ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
நான் குடியிருக்கும் கட்டடத்திலும் எங்கள் பெட்டிதான்.
காரை அணைக்காமல் உட்கார்ந்து
மடிக்கணினியில் ஒன்பதாம் பக்கத்தைத் தட்டினேன்.
கதவு திறந்தது என்று சொல்லமாட்டேன்.
கதவே இல்லை.
இருபத்தொன்றைப் பன்னிரண்டாக்கினேன்,
இரண்டு மணி நேரம் மட்டும்,
காலைக் கூட்டத்தில் காட்ட ஒரு படம் வேண்டும் என்று.

மாடியேறிக் காபி கலக்கும்போது
அழைப்புமணி.
கீழ்வீட்டு ஹோதான்.
கோட்டின் மேல் போர்வை,
போர்வைக்குள் ஆறு வாரக் குழந்தை.
"ரேடியேட்டர் சில்லிட்டுக் கிடக்கிறது,
உங்கள் வீட்டிலும் இப்படியா?"
கையில் ஆவி பறக்கும் கோப்பையோடு
ஆமாம் என்றேன்.
அதற்குமேல் ஒரு சொல் எழவில்லை.
குழந்தை தும்மியது.

மறுநாள் படத்தைக் காட்டவில்லை.
தும்மலைச் சொன்னேன்.
ரைனெ நெடுநேரம் சன்னலைப் பார்த்தார்.
பிறகு விலை கேட்டார்.
பெட்டி பிறக்கும்போதே அதற்கென ஒரு சாவி,
வேறெதற்கும் பொருந்தாதது,
சில்லுக்குள்ளேயே பொறித்தது:
அறுபது சென்ட்.
முத்திரை இல்லாத மென்பொருளை ஊட்டினால்
வாயை இறுக மூடிக்கொள்ளும் பிடிவாதம்:
பதினோரு வாரம்.
"சீசன் போய்விடும்."
போய்விடும் என்றேன்.

போயிற்று.
குவோபியோவின் போட்டிக் கம்பெனி
அந்தக் குளிர்காலம் முழுக்க விற்றது.
நாங்கள் திருப்புளியோடு வீடு வீடாய் ஏறி
பழைய பெட்டிகளைக் கழற்றிக்கொண்டிருந்தோம்.
தொள்ளாயிரம் இன்னும் பாக்கி.

சோதனைக்கென்று விட்டிருந்த பின்வாசலையும்
எடுத்துவிட்டோம்.
ஆனால் உறைக்கான அச்சு ஏற்கெனவே வெட்டியாகிவிட்டதால்
புதுப் பெட்டியின் வலப்பக்கம்
அந்தச் சின்னத் துளை அப்படியே இருக்கிறது.
பின்னால் ஒன்றுமில்லை, வெறும் சுவர்.
வாரம் ஒருவராவது எழுதிக் கேட்கிறார்கள்
இது எதற்கு என்று.

எங்கள் கட்டடத்துப் பெட்டியை நானே மாற்றினேன்.
நிலவறையில் விளக்கு எரியவில்லை.
ஹோதான் டார்ச் பிடித்தார்.
முடிந்ததும் நன்றி சொன்னார், இரண்டு தரம்.
திருகாணி ஒன்று கீழே விழுந்துவிட்டதுபோல்
குனிந்து
தேடிக்கொண்டே இருந்தேன்.