உள்பக்கத்துக் கீறல்

ஜூலை. பய்சாந்துவில் கடுங்குளிர்.
சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்து
பெஜோ 404இன் முகத்தைக் கழற்றி வைத்திருக்கிறேன்.
நான்கு திருகாணி, ஒரு கேபிள், கொஞ்சம் வசவு.

ஸ்பீடாமீட்டரின் மேல் பிளாஸ்டிக் வில்லை,
ஆறிய பாலில் ஆடை படிந்த மாதிரி.
அழுக்கு செய்ததில்லை இது.
தூசியோடு சேர்த்துச் சட்டைக்கையால்
துடைத்துத் துடைத்தே குருடாக்கிய கண்.

இரண்டாயிரம் எண் உப்புத்தாள், தண்ணீரில் ஊறியது.
தேய்த்ததும் இன்னும் வெளுக்கிறது.
இந்த இடத்தில்தான் பலரும் பயந்து நிறுத்துவார்கள்.
நானும் நிறுத்தினேன். போய்
மாத்தேக்கு வெந்நீர் வைத்துவிட்டு வந்தேன்.
அப்புறம் மூவாயிரம். அப்புறம் பற்பசை,
கிழிந்த ஃபிளானல் இரவுச்சட்டையின் காலர்,
நாணய அளவு வட்டங்கள்.
அழுத்தினால் சூடேறும், சூடேறினால் இளகும்,
இளகிவிட்டால் தலைமுழுக வேண்டியதுதான்.

நள்ளிரவு தாண்டி விளக்கில் பிடித்தேன்.
மறுபக்கம் தெரிந்தது: சர்க்கரை டப்பா, என் கட்டைவிரல்,
இன்னும் கட்டாத மின்சார பில்.
ஒரே ஒரு கீறல் மட்டும் போகவில்லை.
நகத்தால் தடவினேன்; நகம் மாட்டவில்லை.
திருப்பித் தடவியபோதுதான் மாட்டியது.

உள்ளே யாரும் துடைப்பதில்லை.
அங்கே மோதிரம் இல்லை, மணல் இல்லை,
பொம்மைக் காரோடு விளையாடும் குழந்தை இல்லை.
திருப்புளி வழுக்கினால்தான் இப்படி ஓர் இழுப்பு,
தொடக்கத்தில் ஆழமாய், முடிவில் மயிரிழையாய்.

கண் தானாக எண்களுக்கு இறங்கியது.
நாற்பத்துமூவாயிரத்துச் சொச்சம்.
நான்கு மட்டும் வரிசையில் நிற்கவில்லை,
வகுப்புப் புகைப்படத்தில் தும்மிவிட்ட பையனைப் போல.

வில்மார் எச்செவெர்ரி விற்ற வண்டி.
அடுத்த வீடு. இறைச்சி ஆலையில் கணக்கெழுதுகிறவர்.
"ஞாயிறு மட்டும்தான் எடுப்பேன், எல்பியா,
ஆற்றங்கரை வரை போய் வருவேன்."
பிரேக் மிதியில் ரப்பர் தேய்ந்து
இரும்பு தெரிவதை அப்போதே கேட்டேன்.
"என் கால் கனம்" என்றார்.

உள்கீறலையும் எடுத்துவிடலாம்.
பத்து நிமிட வேலை, பற்பசையும் மிச்சமிருந்தது.
எடுக்கவில்லை.
ஏனென்று கேட்டால், தூக்கம் வந்தது என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை
அவரே கேட்டு முன்னிருக்கையில் ஏறினார்,
ஃபிளாஸ்க்கை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு.
நெடுஞ்சாலையில் திரும்பியதும்
வெயில் நேராக வில்லையில் விழுந்தது.
"புதுசு வாங்கிப் போட்டாயா?"
"பழையதுதான். தேய்த்தேன்."
குனிந்தார்.
கீறலைப் பார்த்தார், கோணல் நான்கைப் பார்த்தார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டரில் துடைத்து
மாட்டிக்கொள்ளாமல் பையில் போட்டார்.

கொஞ்ச தூரம் மாடுகள். கொஞ்ச தூரம் யூகலிப்டஸ்.
"எஞ்சின் நன்றாக ஓடுகிறது" என்றார்.
"அதன் வயதுக்கு" என்றேன்.

மாத்தே நிரப்பி நீட்டினார்.
ஒரு கையால் வாங்கி உறிஞ்சினேன்.
கசப்பு, நாக்கு சுடும் அளவு சூடு.
கடைசிச் சக்கரம் ஓர் எண் நகர்ந்தது.
இது நான் ஓட்டியது.