மேசைக்கு முன் வந்த விளக்கு

மொறட்டுவையில் சொல்லிவைத்த மேசை
வருமுன்பே
அதற்கு மேலே தொங்கவேண்டிய விளக்கை
வாங்கிவிட்டோம்.
முதல் பிழை அது.

பித்தளை நிறக் கூண்டு, உள்ளே மஞ்சள் குமிழ்.
புறக்கோட்டைக் கடையில்
நூறு விளக்குகள் ஒன்றாய் எரியும்போது
எது யாருடைய வெளிச்சமென்று
எனக்கு எப்படித் தெரியும்?
நூறாம் நம்பர் பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
பிரேக் போட்டபோதெல்லாம்
இறுக்கி அணைத்தேன்,
இன்னும் ஒருமுறைகூட எரியாததை.

மேசை வந்தது.
லிஃப்டுக்குள் போகவில்லை.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
நாலு பேர் அதைச் சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள்,
சிங்களத்தில் அதன் தாயைப் பழித்தார்கள்.
வந்த லொறியிலேயே
அது ஊருக்குத் திரும்பிற்று.

விளக்கு மட்டும்
ஹோலின் நடுவே
இல்லாத மேசைக்கு மேலே
நெற்றி உயரத்தில்.
துவாரகனுக்கு மூன்றுதரம் அடிபட்டது.
மாமிக்கு ஒருநாளும் இல்லை,
அவ கட்டை.

குசினியிலும் விளக்கு முதுகுப் பக்கம்.
இரண்டு மாதம்
வெங்காயத்தோடு சேர்த்து
என் நிழலையும் அரிந்தேன்.
பல்கனிக் குமிழின் கழுத்தை
வெள்ளவத்தைக் கடல் உப்பு தின்றது.
படுக்கையறையில்
விசிறிக்கு மேலே விளக்கு;
மல்லாந்து கிடந்தால்
கூரைக்குக் காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கும்.

சரி, விளக்கு நகராது,
நாமாவது நகர்வோம் என்று
தையல் மெஷினை அதன் கீழே தள்ளினேன்.
புதுக்கடைக்குப் போகும் சட்டத்தரணி கருணிதாவின்
கறுப்புக் கோட்டு விளிம்பை
ஓரிரவில் தைத்து முடித்தேன்.
அழகான தையல்.
மறுநாள் பகல் பதினொரு மணிக்கு,
நீதிமன்ற யன்னலோரம் நின்று
கோல் எடுத்தாள்:
"அக்கா, இது நீல நூல்."

மஞ்சள் வெளிச்சத்தில்
கடல்நீலமும் கறுப்பும்
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

அதன் பிறகுதான் பைரூஸைக் கூப்பிட்டோம்.
தெமட்டகொடையிலிருந்து வந்தார்,
பையைத் திறக்கவில்லை.
"ராவைக்கு எங்க உக்காருவீங்க?
எந்தக் கையால தைப்பீங்க?
கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?"
விளக்கைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.
நான் இடக்கை என்றேன்.
அப்போ வெளிச்சம் வலப்பக்கமிருந்து வரோணும்,
வெள்ளையா வரோணும் என்றார்.
சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

போகிற போக்கில் சொன்னேன்,
கொரிடோர் விளக்கு
நிற்பாட்டின பிறகும்
மெல்லிசாய் எரியுது,
சாமத்தில் பார்த்தால்
யாரோ மூச்சுவிடுகிற மாதிரி.

பைரூஸ் டெஸ்டரை வைத்தார்.
சிரிக்கவில்லை.
"நியூட்ரல்ல சுவிட்ச் போட்டீக்கி.
லைன்லதான் போடோணும்.
இப்ப ஓஃப் பண்ணினாலும்
ஹோல்டருக்குள்ள கரண்ட் ஈக்கிது.
ஆரு பூட்டின?"

நான் துவாரகனைப் பார்த்தேன்.
துவாரகன் விசிறியைப் பார்த்தார்.

எட்டு மாதத்தில்
அந்த ஸ்டூலில் எத்தனைதரம் ஏறியிருப்பார்.
ஒருதரம் குளித்த ஈரத்தோடு.
"ஓஃப்தானே?" என்று கேட்பார்.
"ஓஃப்தான்" என்பேன்,
கையில் சாறிப் பின்னோடு,
சுவிட்சைத் திரும்பிக்கூடப் பாராமல்.

பைரூஸ் மெயினை இறக்கினார்.
வீடு புழுங்கியது.
இருபது நிமிட வேலை,
இரண்டு வயர்கள் இடம் மாறின.
காசை எண்ணாமல் சட்டைப்பைக்குள் வைத்தபடி
"மிச்சத்த நீங்க பூட்டாதீங்க" என்றார்,
துவாரகனிடமல்ல, சுவரிடம்.

அன்றிரவு கொரிடோர் விளக்கு
முதல்முறையாக முழுசாய் அணைந்தது.
அவ்வளவு இருட்டு எங்களுக்குப் பழக்கமில்லை.
தண்ணீர் குடிக்க எழும்பி
நிலையில் தோளை இடித்தேன்.
கீழே காலி வீதியில் ஒரு த்ரீவீல்
இருமிக்கொண்டு போனது.

கட்டிலுக்குத் திரும்பித்
தடவித் தடவி
அவருடைய வலக்கையை எடுத்து
விரல்களை எண்ணினேன்.
"என்னப்பா?" என்றார் நித்திரையில்.
ஒன்றுமில்லை என்றேன்.
ஐந்தும் இருந்தன.