ஐயாயிரத்து நானூறு

சுவருக்கு அந்தப் பக்கம் மாதேசுவின் எட்டுத் தறி.
இந்தப் பக்கம் என் மேசை.
எங்கோ ஒரு டாக்டர் வாய்க்குள் முனகியதை
எழுத்தாக்கி அனுப்புவது என் பிழைப்பு.
இடது சிறுநீரகமா, வலதா?
பத்துத் தடவை பின்னால் ஓட்டிக் கேட்பேன்.
அம்மாப்பேட்டைத் தறிக்கு
இரண்டும் ஒன்றுதான்.

ஐந்து ரோட்டுக் கடையில் வாங்கினேன்.
புளியங்கொட்டை மாதிரி இரண்டு.
மூன்று அளவில் ரப்பர் நுனி கொடுத்தார்கள்.
வலதுக்கு நடு அளவு பொருந்தியது, இடதுக்குச் சின்னது.
முப்பத்தாறு வருஷமாக
என் காதுகள் ஒரே அளவு என்று நினைத்திருக்கிறேன்.

போட்டதும்
ஏற்காட்டு பஸ்ஸில் பதினாலாவது கொண்டை ஊசியில் அடைக்குமே,
அந்த அடைப்பு.
எச்சில் விழுங்கினேன், திறக்கவில்லை.
தறி மட்டும் எங்கோ கீழே
அடிவாரத்தில் தங்கிவிட்டது.

எப்படி என்று தேடிப் படித்தேன்.
வெளியே ஒரு மைக், உள்ளே ஒன்று.
வருகிற அலை மேடு என்றால் இது பள்ளம் போடும்,
பள்ளம் என்றால் மேடு.
சம்பளமும் தவணையும் சந்தித்தபின்
ஐந்தாம் தேதி கையில் நிற்குமே ஒரு பூஜ்யம்,
அப்படி ஓர் அமைதி.
ஒரு சத்தத்தைக் காணாமல் அடிக்க
இன்னொரு சத்தம்.

சீராக வருவதோடுதான் அதன் சண்டை:
மோட்டார், ஃபேன், தறியின் அடித்தொண்டை.
டம்ளர் விழுந்தால் விழுந்ததுதான்.
குக்கர் விசில் எப்படியும் நுழைந்துவிடும்.
முறுக்கைக் கடித்தால்
மண்டைக்குள் வெள்ளைக்கல் குவாரி.

வீட்டுக்காரரிடம் எண்ணூறு ரூபாய் என்று சொல்லியிருந்தேன்.

வியாழக்கிழமை மதியம்
திருச்செங்கோட்டிலிருந்து தங்கை பூவிழி பேசினாள்.
எங்கள் தெருவில் போன் பேசுவதென்றால்
தறிக்கு மேலே ஏறி நின்று பேசுவது.
கல்யாணமாகி வந்த வருஷமே
என் தொண்டை அந்த உயரத்துக்குப் பழகிவிட்டது.
"ஐயாயிரத்து நானூறுடி!
அவர்கிட்ட எண்ணூறுன்னு சொல்லி வச்சிருக்கேன்!"

கரண்ட் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.
எங்கள் ஃபேன் இன்வெர்ட்டரில் சுற்றிக்கொண்டிருந்தது.
தெருவே வாயை மூடியிருந்தது.
என் காதில் தறி ஏற்கெனவே இல்லை;
இல்லாத தறி நின்றுபோனது
எனக்கு எப்படித் தெரியும்?

சுவருக்கு அப்பால் பாவாயி அக்கா சிரித்ததாகப்
பிறகு அவரே சொன்னார்.
திரும்பினால் வாசலில் இவர், கையில் ஸ்பேனர்.
மாதேசு கொட்டகையில் ஃபிட்டர்.
கரண்ட் போனால் டீக்கு வருவார்.
மறந்துபோனேன்.

ஒன்றும் கேட்கவில்லை.
டீயைக் குடித்தார்.
டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தார்.
பதினோரு வருஷத்தில் அது முதல் தடவை,
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
பிறகு கையை நீட்டினார்.
கிரீஸ் விரலால் இடதை வலதிலும்
வலதை இடதிலும் சொருகிக்கொண்டார்.
நான்தான் மாற்றிப் போட்டுவிட்டேன்.
காது மடலில் பஞ்சு அப்பியிருந்தது.

மூணேகாலுக்குக் கரண்ட்.
தறி எழும்பி முழுசாக என்மேல் விழுந்தது.
மேசையில் பேனா உருண்டது.
அவர் சுவரையே பார்த்தார்,
பஸ்ஸில் தூங்கி விழித்து
கடைப் பலகையில் ஊர் பேரைத் தேடுகிறவர் மாதிரி.

"மூணாந் தறி" என்றார், கத்தி.
"பிக்கிங் பெல்ட்டு லூசு.
டொக்குனு தனியா விழுது பாரு.
ஒரு வாரமாத் தேடறேன் இந்த நாயை."

கழற்றாமலே எழுந்து போனார்.

இன்று சனிக்கிழமை.
டப்பா மட்டும் என் மேசையில்
வெறுமனே சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.
டாக்டர் பழையபடி முனகுகிறார்,
இடதா, வலதா.
விலையைப் பற்றி இவர் இன்னும் பேசவில்லை.
அடுத்த தடவை கரண்ட் போகட்டும் என்று
இருக்கிறாரோ என்னவோ.