மூன்று கொட்டேஷன்

ஜுபைலில் பத்தொன்பது வருடமாக
என் வேலையே இதுதான்:
மூன்று கொட்டேஷன் வாங்குவது,
வரிசையாகக் கட்டம் போட்டு நிரப்புவது,
எது குறைவோ அதன்மேல் கையெழுத்து.
வால்வு, கேஸ்கட், எட்டு அங்குல ஃபிளாஞ்ச்,
ஒருமுறை அறுநூறு ஜோடி பாதுகாப்புக் காலணி.
எதையும் நேரில் போய்ப் பார்த்ததில்லை.

இப்போது சாப்பாட்டு மேசையில்
மீன்குழம்புச் சட்டிக்கு அந்தப் பக்கம்
மூன்று கல்லூரிகள்.
மூன்றும் அமெரிக்காவில். மூன்றும் சின்னது.
மூன்றுக்கும் விமான நிலையம்
இரண்டு மணி நேரம் தள்ளி.
ஆயிரத்து எண்ணூறு பிள்ளைகள்,
ஆயிரத்து எழுநூற்று ஐம்பது, ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
ஒரு பேராசிரியருக்குப் பத்துப் பேர், ஒன்பது பேர், பத்துப் பேர்.
வேதியியல் படித்துக்கொண்டே நாடகமும் படிக்கலாம் என்பதை
மூன்றும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தில் சொல்கின்றன.
உதவித்தொகை கழித்தால் மிஞ்சும் வித்தியாசம்
முந்நூற்றுப் பத்து டாலர்.
ரியாலில் பெரிதாகத் தெரியுமோ என்று
மூன்றே முக்காலால் பெருக்கிப் பார்த்தேன்.
ஒரு மாத மளிகை.

மூன்று அட்டையிலும் செங்கல் கட்டடம்,
மரம், ஆரஞ்சு இலை,
புல்லில் நான்கு பேர் உட்கார்ந்து சிரிக்கிறார்கள்.
நான்காவது ஆள் எப்போதும் நம் நிறம்.
"இது நேத்தே பாத்ததுதானே?" என்கிறாள் ஜெசிந்தா.
இல்லை, இது வேறு.

போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால்
விசிட் விசாவுக்குத் தேதி அடுத்த பிப்ரவரி.
பதில் சொல்ல வேண்டியது மே ஒன்றுக்குள்.

பெர்லின் என்று இவளுக்கு வைத்ததே
நாங்கள் பார்க்காத ஊரின் பெயர்.
அந்த வருடம் மார்த்தாண்டத்தில், எங்கள் சபையில் மட்டும்
இன்னும் இரண்டு பெர்லின்.

நான் மட்டும் இந்த ஊரைப் பார்த்துவிட்டா வந்தேன்?
மும்பையில் ஏஜெண்ட் கேட்டான்:
ஜுபைலா, யான்புவா?
இரண்டும் எண்ணெய், இரண்டும் கடல், அதே சம்பளம்.
யான்பு வரிசைக்கு மேலிருந்த மின்விசிறி ஓடவில்லை.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
அவள் மேப்பில் தெருத்தெருவாக
அம்புக்குறியைத் தட்டித் தட்டி நடந்துகொண்டிருந்தாள்.
முதல் கல்லூரி வாசலில் வெயில்.
இரண்டாவதிலும் வெயில்;
படமெடுக்கிற கார் ஜூன் மாதம் போயிருக்கிறது.
மூன்றாவதில் மட்டும் மார்ச்.
ஓரமாக ஒதுக்கிய பனி
கேம்புக்குப் பின்னால் கிடக்கும் மண்மேடு மாதிரி கறுத்து,
பக்கத்தில் மூடாத குப்பைத் தொட்டி.
பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி. முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள்.
கழற்றிய கையுறையை வாயில் கடித்துக்கொண்டு
பைக்குள் எதையோ தேடுகிறாள்.

"இதுப்பா."

"ஏன் மக்களே?"

"இங்கதான் யாரும் நமக்காகச் சிரிக்கல."

அலுவலகத்தில் இதை
ரிமார்க்ஸ் கட்டத்தில் எழுத முடியாது.
ஆடிட்காரர் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவார்.
படம் பத்து வருடம் பழையது,
பனி எத்தனையோ முறை உருகியிருக்கும்,
அந்தப் பெண்ணுக்கு இந்நேரம் ஒரு பிள்ளைகூட இருக்கலாம்,
எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது.
அந்த முந்நூற்றுப் பத்து டாலர் கூடுதல்
இதற்குத்தான் என்பதும்.

ஏப்ரல் முப்பது.
தொழிற்சாலைப் பக்கம் ஃபிளேர் உயர எரிகிறது,
அடுக்களைச் சன்னல் முழுக்க ஆரஞ்சு.
முன்பணம் நானூறு டாலர்.
என் போனுக்கு ஓடிபி வருகிறது.
"சொல்லுங்கப்பா, ரெண்டு நிமிஷந்தான்."
கண்ணாடியைக் காணோம்.
ஜெசிந்தா குழம்புக் கையோடு எடுத்துத் தருகிறாள்.

எட்டு. பூஜ்யம். மூன்று.

"தேடினது கிடைச்சிருக்குமா அவளுக்கு?"

"அப்பா!"

ஒன்று. ஒன்று. ஆறு.