இட்டேரி, ஒன்பதடி

கரடிவாவி தாண்டி இடக்கைப் பக்கம்,
காத்தாடி நிற்கும் மேட்டுக்குக் கீழே,
கிளுவை வேலி இரண்டும் நெருங்கி வரும் இடத்தில்
வண்டியை நிறுத்தினேன்.
கையில் கடன் கணக்கு எண் இருந்தது.
இடம்தான் நினைவில் இல்லை.

நாடாவின் முனையை முள்ளில் மாட்டிவிட்டு
எதிர்வேலி வரை நடந்தேன்.
ஒன்பதடி.
மறுபடி அளந்தேன். ஒன்பதடி இரண்டங்குலம்.
புதுப் படிவம் மீட்டரில் கேட்கிறது:
இரண்டு புள்ளி எட்டு.

"வாங்க இன்ஜினியருங்க" என்றார்
தறிக்குடோன் வாசலில் நின்றவர்.
"போன தடவையும் நீங்கதானுங்களே வந்தீங்க."

போன தடவை என்பது பதினொரு வருஷம்.
அன்று நான் இறங்கவே இல்லை.
மேலாளர் காரின் பின்சீட்டிலிருந்து
கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன்.
பதினாறு தறி ஓடும் சத்தம். ஏற்றிவிட்டேன்.
பல்லடத்தில் டிபன் முடித்துக் கைகழுவும்போது
அவர் எண்ணைச் சொன்னார்: எண்பத்துநாலு.
"அதுக்குத் தக்கன போட்டுக்குங்க."
அப்போதெல்லாம் எங்கள் தொழில்
விடையிலிருந்து கணக்குக்கு நடப்பது.
நிலம் இவ்வளவு, கட்டடம் இவ்வளவு,
இரண்டும் எட்டாதபோது பாதை அகலமாகும்.
பத்திரத்தில்
'மாமூல் தடத்தில் வண்டி வாகனாதிகள் போக வர பாத்தியம்'
என்றுதான் இருக்கும். அகலம் இருக்காது.
அந்த இடைவெளியில் நுழைந்து
இருபதடி என்று எழுதினேன்.

கிளுவை அன்றும் இங்கேதான் நின்றிருக்கிறது.
ஒரு முள்ளும் வெட்டாமல்
பதினோரடி திறந்துவிட்டேன்.

பிறகு விதிகள் வந்தன.
ஐம்பத்திரண்டாம் வயதில் கோவையில்
பையன்களோடு உட்கார்ந்து பரீட்சை எழுதினேன்.
இரண்டாம் தடவை தேறினேன்.
பக்கத்து நிலங்களின் கிரயம் மூன்றாவது காட்டவேண்டும்.
(பத்திரத்தில் ஏறுவது பாதி, மஞ்சள் பையில் போவது மீதி.
எந்தப் பாதியோடு ஒப்பிட?)
படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை, மணி, நிமிடம்.
மதிப்பீட்டாளரும் படத்தில் நிற்கவேண்டும்,
தரையில், கால் தெரிய.

தெய்வசிகாமணியிடமே போனைக் கொடுத்தேன்.
"கொஞ்சம் மேக்க தள்ளி நில்லுங்க, கதவு தெரியோணும்."
கதவுக்குப் பின்னால் தறி இல்லை.
போல்ட்டுத் துளைகள். எண்ணெய் குடித்துக் கறுத்த
செவ்வகங்கள், இருபத்துநாலு.
பழைய இரும்பாகப் போனதாம், கிலோக் கணக்கில்.
அதற்கு என் கையெழுத்துத் தேவைப்படவில்லை,
தராசு போதுமாயிருந்தது.

"நாப்பது வரும்னு நெனச்சேனுங்க, அம்பது குடுத்தாங்க.
உங்க ரிப்போட்டுலதான்
எட்டுத் தறி சேத்திப் போட்டேன்."
நன்றியாகத்தான் சொன்னார்.

ருக்மணி மோர் கொண்டுவந்தார்.
சொத்தின் உரிமையாளரிடம் எதுவும் பெறலாகாது
என்பது நடத்தை விதி.
மோர் அதில் சேருமா, தெரியவில்லை.
குடித்தேன். உப்பு கூடுதல்.

"இப்ப எத்தன வருமுங்க?"
லாரி திரும்பாத தடம். தண்ணியில்லாத போர்.
சந்தை மதிப்பு ஐம்பத்தொன்று.
அதற்குக் கீழே இன்னொரு வரி, கட்டாய விற்பனை மதிப்பு:
முப்பத்தெட்டு.
பாக்கி அறுபத்துமூன்று.
"ஆபீஸ் போய்த்தானுங்க சொல்லமுடியும்" என்றேன்.

ராத்திரி படிவத்தின் கடைசிப் பக்கம்:
இச்சொத்தை நீங்கள் முன்பு மதிப்பிட்டதுண்டா?
ஆம். இல்லை.
அந்த வங்கி இன்னொரு வங்கியில் கரைந்துவிட்டது.
மேலாளர் ஓய்வு பெற்று மகன் வீட்டில், வெளிநாட்டில்.
பழைய கோப்பைக் கரையான் தின்றிருக்கும்.
ஆம் என்றால் வேலை வேறொருவருக்குப் போகும்,
பெட்ரோல் காசுகூடக் கிடைக்காது.

ஆம் தொட்டதும்
கீழே ஒரு பெட்டி திறந்தது:
விவரம், நூறு எழுத்துக்குள்.

'வேலி நகரவில்லை' என்று தட்டினேன்.
மீதி எண்பத்தாறு என்றது திரை.