சந்தா நாற்பது

ஏழாம் தேதி சம்பளம்.
எட்டாம் தேதி டீ இடைவேளையில் சிக்கந்தர் வருவார்,
ரசீதுப் புத்தகத்தைச் சட்டைக்குள்
பனியனோடு செருகிக்கொண்டு.
வாய்விட்டுக் கேட்கமாட்டார்.
பக்கத்தில் நின்று பேனாவை உதறுவார்.
அது எழுதாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நாற்பது ரூபாய்.
திருமங்கலத்திலிருந்து கப்பலூர் சிட்கோவுக்கு
இரண்டு நாள் ஷேர் ஆட்டோ.
இல்லையென்றால் மகனுக்கு இரண்டு பரோட்டா,
சால்னா கேட்கக் கேட்க ஊற்றுவார்கள்.
ஏழு வருடம், எண்பத்து நான்கு மாதம்,
மூவாயிரத்து முந்நூற்று அறுபது.
பிசிறு வெட்டும்போது இந்தக் கணக்குத்தான் ஓடும்.

அச்சிலிருந்து சூடாக விழும் ரப்பர் வாஷரில்
விளிம்புக்கு வெளியே ஒட்டி நிற்பதை
பிளேடால் சீவி எறிவது என் வேலை.
ஒரு ஷிஃப்டுக்கு மூவாயிரம் வாஷர்.
எத்தனை சீயக்காய் போட்டாலும்
தலைமுடியில் கந்தக வாடை போகாது.
இந்த நாற்பது
வாஷரா, பிசிறா?

மாயழகு கட்டுவதில்லை.
"கட்டுனாலும் கட்டாட்டியும்
ஒரே போனஸ்தானக்கா" என்பான்.
பொய்யில்லை. போன தீபாவளிக்கு
எனக்கும் பன்னிரண்டு சதவீதம்
அவனுக்கும் பன்னிரண்டு.
கேட் மீட்டிங்கில் வெயிலில் நான் நின்றபோது
உள்ளே ஓவர்டைம் பார்த்தான்.
ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் வந்ததே
சங்கம் கேட்டுத்தான் என்றேன்.
சிரித்தான், எண்ணுவதை நிறுத்தாமல்.

உசிலம்பட்டிப் பக்கம் மொய் எழுதினால்
நோட்டில் பேர் நிற்கும்.
நம் வீட்டுக் காதுகுத்துக்கு
கூடுதலாகவே திரும்பி வரும்.
சங்கத்துக்கு எழுதும் மொய்
எந்த விசேஷத்துக்குத் திரும்பும்?

நடுவில் சங்கம் இரண்டாக உடைந்தது.
இரண்டு கொடி, இரண்டு புத்தகம்.
ஆறு மாதம்
இரண்டு பேர் பேனா உதறினார்கள்.
கோரிக்கைப் பட்டியலில் பெண்கள் கழிப்பறை
பதினான்காவது.
பதிமூன்றோடு பேச்சுவார்த்தை முடிந்து
மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள்.
அன்றும் நாங்கள்
பெட்ரோல் பங்க் வரை நடந்துதான் போனோம்.

ஜேசுராணிக்கு விசேஷம் வந்தது நைட் ஷிஃப்டில்.
மூன்றாம் பிரஸ் இறங்கியது,
வலது கையில் மூன்று விரல்.
"கவனக்குறைவு" என்று கம்பெனி தாள் தயாரித்து
ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே
இடது கை ரேகை கேட்டது.
சிக்கந்தர் ஓடிவந்து சொன்னது இதுதான்:
"எந்தத் தாளிலும் கை வைக்காதம்மா."
சொன்ன பிறகுதான்
என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும்,
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்று வருடம் வாய்தா.
தொழிலாளர் கோர்ட்டுக்கு அவள் போய்வந்த
ஒவ்வொரு பஸ் டிக்கெட்டும் சங்கக் கணக்கு.
அதில் என்னுடைய எந்த மாதம் இருந்ததோ.
பணம் வந்தது.
அடகுக் கம்மலை மீட்டு
இரண்டு வெள்ளாடு பிடித்தாள்.
இடது கையால்தான் கறக்கிறாள்.

ஒன்றை மறைக்கக் கூடாது.
அந்த ராத்திரி
விரல்களை வாஷர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு
ஐஸ் தேடி டோல்கேட் டீக்கடை வரை
ஓடியவன் மாயழகு.
சந்தா கட்டாத மாயழகு.
அதை எந்தப் புத்தகத்தில் எழுதுவது?

கம்பெனிக்கு நான் டோக்கன் நானூற்றுப் பதினேழு.
ரசீதில் மட்டும்தான் பேர்,
அதுவும் "உச்சம்மாள்".
ஏழு வருடமாகச் சொல்கிறேன்,
உ இல்லை, ஒ. ஒச்சம்மாள்.
"அடுத்த மாசம் திருத்திடலாம்."

இந்த எட்டாம் தேதி
மகனுடைய பேனாவை எடுத்துப் போயிருந்தேன்.
அவர் உதற ஆரம்பிக்குமுன் நீட்டினேன்.
"ஒ போட்டு எழுதுங்கண்ணே.
அப்படியே அந்தப் பதினாலையும்
ஒண்ணாம் நம்பருக்குத் தூக்கி எழுதுங்க.
நாப்பது இந்தா முந்தானையில இருக்கு,
எழுதுனதும் அவுக்குறேன்."

என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார்.
பின்னால் பேக்கிங் பெண்கள் நாலு பேர்
டம்ளரோடு வந்து நின்றார்கள்.
சங்கு ஊதியது.
"கமிட்டியில கேட்டுட்டு வர்றேன்" என்று
நடந்தவர்
பேனாவைத் திருப்பித் தரவில்லை.