திரைக்குக் கீழே

ட்ரொம்சோ. நவம்பர் கடைசி.
சூரியன் நேற்றோடு போய்விட்டது, இனி ஜனவரியில்தான்.
மதியம் இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு
கைக்குழந்தைகளிடம் நீதி கேட்கிறோம்.

கறுப்புத் திரைக்குப் பின்னால் நான் மண்டியிட்டிருக்கிறேன்.
ராண்டியின் கையில் கரடி,
பெட்டியைத் திறக்க முடியாமல் திணறுகிறது.
என் மஞ்சள் முயல் வந்து மூடியைத் தூக்கிவிடும்.
என் நீல முயல் வந்து
மூடிமேல் தொப்பென்று உட்காரும்.
பிறகு இரண்டையும் நீட்டுவேன்:
எது வேண்டும், கண்ணே?

ஏழு மாதம். ஒரு பல். தாடையில் எச்சில் நூல்.
பேச்சு வரவில்லை, தீர்ப்பு வந்துவிடுகிறது.
மஞ்சள். மஞ்சள். மஞ்சள்.
ஒருவன் தூங்கிப்போனான்.
அவனைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த வயதில் என்னை யாரும் கேட்கவில்லை.
நாலு வயதில் என்னிடம் இருந்த சட்டம் ஒன்றுதான்:
கொட்டியது எவ்வளவு?
பனியில் சிக்கிய ஆட்டுக்குட்டியைத் தூக்கி வரப்போய்
பால் கேனையே கவிழ்த்த அண்ணன் மகாபாவி.
அவன்மேல் இருந்த ஆத்திரத்தில்
வேண்டுமென்றே ஒரு குவளையைத் தட்டிவிட்ட நான்
குவளையளவு பாவி.

ஒன்பதில், ஸ்வோல்வேர் துறைமுகம், மார்ச்.
காட் மீனின் நாக்கை அறுப்பது அங்கே பிள்ளைகள் வேலை.
தலையை ஆணியில் குத்து, இழு, அறு, வாளியில் போடு.
கிலோவுக்கு இவ்வளவு என்று காசு.
ஹால்வார் கையுறை தேடிப் போன நேரத்தில்
அவன் வாளியிலிருந்து ஒரு பிடி
என் வாளிக்கு வந்தது.
பாருங்கள், இப்போதும்
வந்தது என்றுதான் சொல்கிறேன்.
வாளி நிறைய நாக்கு.
ஒன்றும் பேசவில்லை.

பதினாறில் எல்லாவற்றுக்கும் ஒரு கொள்கை இருந்தது.
திமிங்கில வேட்டைக்கு எதிராக
அப்பாவோடு மூன்று வாரம் பேசவில்லை,
அவர் சமைத்ததைத் தின்றுகொண்டே.

முப்பத்தெட்டில் மகள் கேட்டாள்,
உன் பக்கம் நியாயமா, அம்மா பக்கமா என்று.
அது கொஞ்சம் சிக்கலானது, என்றேன்.
பெரியவர்களுக்கு என்று ஒரு வாக்கியம் இருக்கிறதே, அது.

இன்று நாற்பத்து மூன்று.
பதினாறு குழந்தைகள் வேண்டும், பதினைந்து ஆயிற்று.
பதினாறாவது யோருன், கரும்பச்சைக் கம்பளிச் சட்டை.
கையை நீட்டினாள்,
இரண்டு முயலுக்கும் நடுவே, வெறும் காற்றில்.
மஞ்சள் பக்கம் கொஞ்சம் சாய்ந்த மாதிரி இல்லை?
என்றாள் ராண்டி.
பென்சில் என்னிடம்.
மஞ்சள் என்று எழுதினால்
கட்டுரை நாளையே போகும், மானியம் வரும்.
யார் பாலும் கொட்டாது.

இரவு தனியாக ஒளிப்பதிவை ஓட்டினேன்.
நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடி.
யோருன் முயல்களைப் பார்க்கவே இல்லை.
திரைக்குக் கீழே நாலு விரல் இடைவெளி.
அங்கே என் பூட்ஸ்,
பனி உருகி அதைச் சுற்றி ஒரு சின்னக் குளம்.
உதவிய முயலையும்
மூடிமேல் குந்திய முயலையும்
ஆட்டுகிறவன் ஒருவனே என்று
கண்டுகொண்டாள் போல.
அவனை நோக்கித்தான் கை.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
சேராது. திரை குட்டை. என் தவறு.

மனம் ஒன்றும் லேசாகிவிடவில்லை.
ராண்டி நாளைக்குத் திட்டுவாள்.
பதினொரு மணிக்குத் தொலைபேசிப் பட்டியலில்
ஹால்வாரைத் தேடினேன்.
எழுபத்திரண்டு பேர் இருந்தார்கள்.